இரண்டு முறை எண்ணிய வெயில்

திங்கட்கிழமை மனு நாளில் லூர்துமேரி ஒரு தண்ணீர்ப் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். மனு என்று எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை.

"குடிச்சிப் பாருங்க சார்," என்றாள்.

ஆட்சியர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையில் இருந்த நன்மாறனைப் பார்த்தார். சூழல் இசைவு வாரியத்தின் மாவட்ட அலுவலர் அவன். தண்ணீர், புகை, சாயம், தோல் எல்லாம் அவனிடம்தான் வந்து சேரும். வயது முப்பத்து மூன்று. பார்ப்பவர்கள் நாற்பது என்பார்கள்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டான்.

"இலுப்பைமேடு. மாதா கோயில் தெரு."

"போர் தண்ணியா?"

"போர் தண்ணிதான். ரெண்டு வருசம் முன்னாடி இதுலதான் காபி போட்டுக் குடிச்சோம். இப்ப துணி அலசுனா துணி வெறைச்சிப் போவுது. தெருவுல ஒம்போது பேருக்குக் கிட்னி போச்சி. ரெண்டு பேரு செத்தும் போயிட்டாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸு."

நன்மாறன் மேசையில் இருந்த திரையைத் திருப்பிப் பார்த்தான். இலுப்பைமேட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அறுபத்தொன்று. அறுபத்தொன்றுக்கும் எதிரே பச்சை.

"டேனரி எல்லாம் கணக்குல சுத்தமா இருக்கும்மா. ஒரு சொட்டு வெளிய வர்றதில்ல."

"சொட்டு வர்லியா? அப்ப பாட்டில்ல இருக்கிறது இன்னா, மாதா கோயில் தீர்த்தமா?"

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். லூர்துமேரி சிரிக்கவில்லை.

"மேடத்தாண்ட தினம் சொல்றேன். எழுதிக்கினேன்னு சொல்றாங்க. ஒருத்தரும் வர்ல."

"நான் வர்றேன்," என்றான் நன்மாறன். மேற்கொண்டு அவள் பேசாமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு வேகமாகச் சொன்னான்.

இலுப்பைமேட்டில் மேடம் என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வாரியத்தின் எண்ணுக்கு அடித்தால் பேசும் குரல் அது. தொழிற்சாலைக்காரர்களுக்கு விதியைச் சொல்லும். அன்றாடக் கணக்கைச் சொல்லும். ஊர்க்காரர்களிடம் குறை கேட்டு எழுதிக்கொள்ளும். ஆள் கிடையாது, அமைப்புதான். ஆனால் அந்தக் குரல் ஒரு காலத்தில் ஆளாக இருந்தது. எழிலரசி, உதவிப் பொறியாளர். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். தொழிற்சாலைகளைச் சோதிக்கப் போகும்போது பார்ப்பதை எல்லாம் நடந்துகொண்டே வாயால் சொல்லிப் பதிவு செய்வது அவள் வழக்கம். முதலாளிகளைத் திட்டியதும், தொழிலாளிகளிடம் விசாரித்ததும், தேநீர் வேண்டாம் என்றதும் எல்லாம் அந்தப் பதிவில் இருந்தன. நான்கு வருடத்துப் பேச்சு. அவள் இறந்த பிறகு வாரியம் அதை வைத்து இந்த அமைப்பை உருவாக்கியது.

இறந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குரலைப் பயன்படுத்தக் கணவன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பதினோராம் நாள் தாளைக் கொண்டுவந்தார்கள். நன்மாறன் போட்டான். அந்த வாரம் எந்தத் தாளைக் கொடுத்திருந்தாலும் போட்டிருப்பான்.

மூன்று வருடமாயிற்று. அவன் ஒரு முறைகூட அந்த எண்ணுக்கு அடித்ததில்லை.

*

மன்சூர் பாயின் தொழிற்சாலையில் மர உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுண்ணாம்பும் ஈரத் தோலும் சேர்ந்த வாடை வாசலிலேயே வந்து மோதியது. இருநூறு பேர் வேலை செய்கிற இடம். பாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நன்மாறனைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ரெண்டு வருசத்துல முதல் தடவையா அலுவலர் நேர்ல வர்றீங்க. நான் இன்னா தப்பு பண்ணேன் சார்?"

"பாத்தியைப் பார்க்கணும்."

பாய் முன்னால் நடந்தார்.

தோலைக் கழுவிய தண்ணீரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் கடைசியில் உப்பும் ரசாயனமும் கலந்த கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அதை வெளியே விடக் கூடாது. ஆழமில்லாத சிமெண்டுப் பாத்திகளில் பரப்பி வெயிலில் காயவிட வேண்டும். ஆவி போகும், உப்பு மிஞ்சும், உப்பை வழித்து மூட்டை கட்டலாம். அது பழைய முறை. இரண்டு வருடத்துக்கு முன் அரசு வெயில் ஊக்கத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாத்திகளின்மேல் சூரியத் தகடு பரப்பும் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் இலவசம், ஐந்து வருடத்துக்கு இசைவுச் சான்று. தனியாக நிலம் தேட வேண்டியதில்லை. எல்லோரும் பரப்பினார்கள்.

பாத்தி நெடுக நீலத் தகடுகள் மினுங்கின. நன்மாறன் தன் கருவியைப் பார்த்தான். பாத்தி காலி என்றது.

மன்சூர் பாய் குனிந்து ஒரு தகட்டின் விளிம்பைத் தூக்கினார். அடியில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. பாய் பக்கத்தில் கிடந்த கம்பை உள்ளே விட்டு எடுத்தார். முழங்கால் உயரத்துக்கு நனைந்திருந்தது.

"சார், வெயில் தகட்டு மேல விழுது. கரண்ட் ஆவுது. சரியா?"

"சரி."

"கரண்ட் ஆனப்புறம் அந்த வெயில் எங்க இருக்கு?"

நன்மாறன் குனிந்து தகட்டின் அடியில் பார்த்தான்.

"தகட்டுக்குக் கீழ நெழல். நெழல்ல தண்ணி காயுமா? உங்க கணக்கு இன்னா சொல்லுது? இன்னிக்கு இந்த ஊர்ல இவ்ளோ வெயில் அடிச்சுது, அதனால இந்தப் பாத்தியில இவ்ளோ தண்ணி ஆவியாயிருக்கும். அதே வெயிலை எடுத்துக் கரண்ட் கணக்கும் எழுதுது. ஒரே வெயிலை ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க சார். நான் பத்தாவது ஃபெயிலு. எனக்கே தெரியுது."

முன்பெல்லாம் பாத்தியில் அளவுகோல் இருந்தது. ஆட்கள் அதைத் தொட்டு ஏமாற்றினார்கள். அதனால்தான் வெயிலை வைத்துக் கணக்கிடுவது என்று முடிவெடுத்தார்கள். வெயிலுக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது என்று தொடக்க விழாவில் பேசினார்கள். நன்மாறனும் கைதட்டியிருந்தான்.

"பாத்தி நிறைஞ்சிருக்குன்னு நீங்க அறிவிச்சிருக்கலாமே?"

"ஜாபர் அறிவிச்சாரு. மேலத் தெரு ஜாபர் டேனரி. கணக்குல காலி, நேர்ல தண்ணி. அப்படின்னா அனுமதிச்சதுக்கு மேல தோல் ஊறவெச்சிருக்காருன்னு அர்த்தமாம். மூணு மாசம் கரண்டை நிறுத்திட்டாங்க. நூத்தம்பது பேரு வேலை இல்லாம நின்னாங்க. அப்புறம் யாரு சார் வாயைத் திறப்பா?"

"மேல சொல்லியிருக்கலாம்."

"சொல்லாமயா?" பாய் போனை எடுத்தார். "இருங்க, நீங்களே கேளுங்க."

வேண்டாம் என்று சொல்ல நன்மாறன் கையை உயர்த்தினான். அதற்குள் மணி அடித்து எடுத்தாயிற்று.

"வணக்கமுங்க மன்சூர் பாய். டீ குடிச்சாச்சுங்களா?"

மன்சூர் பாய் போனைப் பார்த்துச் சிரித்தார். பழகிய சிரிப்பு. "குடிச்சாச்சு மேடம். எங்க பாத்தி எப்படி இருக்கு?"

"கணக்குப்படி காலிங்க."

"நான் பாத்தியாண்டதான் நிக்கறேன். முட்டி வரைக்கும் தண்ணி."

"நீங்க சொல்றதை நான் நம்பறனுங்க. ஆனா நான் நம்பினா அது விதி ஆயிடாதுங்களே. கணக்கை மாத்தறதுக்கு மாவட்ட அலுவலர் ஆணை போடணும். அவருக்குக் குறிப்பு அனுப்பியிருக்கறேன். புரியுதுங்களா?"

ஆனா என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. வீட்டிலும் அப்படித்தான். நன்மாறன் நீலத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி தடவை அனுப்பினீங்க மேடம்?"

"நாப்பத்து மூணுங்க."

பாய் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "பாவம், செத்துப்போன பொண்ணு. உயிரோட இருந்தப்ப நேர்ல வந்து திட்டும். ஊறவைக்கிற தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்து, 'இதென்னங்க பாய், பாயாசமா?'ன்னு கேக்கும். இப்ப திட்டறது கொறைஞ்சிடுச்சு." பிறகு அவனைப் பார்த்தார். "அந்த அலுவலரு நீங்கதான சார்? குறிப்பு வந்துச்சா?"

"பார்க்கிறேன்," என்றான் நன்மாறன்.

"சரி, பாருங்க."

"காயாத தண்ணி எங்க போச்சு?"

மன்சூர் பாய் சுற்றுச்சுவர் ஓரத்தைக் காட்டினார். பழைய ஆழ்துளைக் கிணறு. வாயில் சாக்கு கட்டியிருந்தது. ஒரு குழாய் பாத்தியிலிருந்து வந்து அதற்குள் இறங்கியது.

"கணக்குல காலி. நேர்ல நிறைஞ்சிருக்கு. ரெண்டுல ஒண்ணு மாறியாவணும் சார். கணக்கை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. அதனால தண்ணியை மாத்தினேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மதியம் ஆளுங்களை அனுப்பிட்டு நானே வால்வைத் திறப்பேன். இந்தக் காரியத்தை இன்னொருத்தன் கையால செய்யச் சொல்ல மனசு வரல. தொழுகைக்குப் போய் எத்தினி மாசமாச்சு தெரியுமா? எல்லா டேனரியிலயும் இப்படித்தான். யாரும் யாருகிட்டயும் பேசிக்கறதில்ல."

"அந்தப் பக்கம் மாதா கோயில் தெரு இருக்கு."

"தெரியும். என் ஆளுங்க பாதிப்பேரு அங்கதான். எங்க வூட்டுக்கு லாரித் தண்ணி வருது சார். அதைத்தான் என்னால தாங்க முடியல." பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்மேல கேஸு போடுங்க. போட்டுத்தான் ஆவணும். போடறப்ப அந்த நாப்பத்து மூணையும் சேர்த்து வைங்க."

*

இரண்டு வருடத்துக்கு முன் இந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த முதல் நாளே அந்த ஏற்பாட்டை அவன் செய்திருந்தான். அஞ்சல் பெட்டியில் எழில் என்ற பெயரில் வருபவை எல்லாம் கண்ணில் படாமல் தனிக் கோப்புறைக்குள் போய்விடும். ஒரு நொடி வேலை. அவை வெறும் அன்றாட அறிக்கைகள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வாராந்தரச் சுருக்கத்தை அலுவலக எழுத்தர் எப்படியும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். அதில் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

குறிப்புகள் அலுவலர் பெயருக்கு மட்டும் வருபவை. வேறு யாரும் திறக்க முடியாது. அவர் திறந்து பதில் எழுதினால்தான் மேலே போகும். பதில் வராவிட்டால் அமைப்பு திரும்பவும் அனுப்பும். திறக்கவே மாட்டார் என்று விதியை எழுதியவர்கள் நினைக்கவில்லை. அப்படி ஒரு அலுவலரை அவர்களால் யோசிக்க முடியவில்லை.

எல்லாம் குரல் பதிவுகள். அவற்றை எழுத்தாக மாற்றித் திரையில் போட்டுப் படித்தான். அதுவே அவனால் முடிந்தது.

முதல் குறிப்பு: "மாவட்ட அலுவலர் அவர்களுக்கு. ஜாபர் தொழிற்சாலைமேல் விதிப்படி நடவடிக்கை எடுத்தேன். ஆனால் அவர் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும். தகடு பரப்பிய பாத்திகளில் ஒரே வெயில் இரண்டு முறை எண்ணப்படுகிறது. நேரில் பார்த்து ஆணையிட வேண்டும்."

ஒன்பதாவது: "மேலும் ஆறு தொழிற்சாலைகள் இதையே சொல்கின்றன. திடீரென்று சொல்வதை நிறுத்திவிட்டன. தண்ணீர் வேறு எங்கோ போகிறது என்று அஞ்சுகிறேன்."

இருபதாவதிலிருந்து நோயாளிகளின் பெயர்கள் வந்தன. ஊர்க்காரர்கள் குறை சொல்ல அடிக்கும்போது கேட்டு எழுதியவை. கடைசிக் குறிப்பு எட்டு நாளைக்கு முன் வந்தது: "மாதா கோயில் தெரு லூர்துமேரி இன்றும் பேசினார். கணவர் செல்வராஜுக்குக் கால் வீங்கியிருக்கிறது. தெருவில் ஒன்பது பேர். இது நாற்பத்து மூன்றாவது குறிப்பு. தங்களுக்கு உடல்நலம் சரியில்லையெனில் பொறுப்பை வேறு ஒருவருக்கு மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்."

முதல் குறிப்புக்கும் தெருவின் முதல் நோயாளிக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தது. தேதிகளை இரண்டு முறை பார்த்தான். ஐந்து மாதம்தான்.

சென்னைக்குப் போன் செய்தான். தலைமைப் பொறியாளர் கிருபாகரன் எழிலின் சாவுக்கு வந்து, இடுகாடு வரை நடந்தவர். நல்ல மனிதர். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நாளைக்குள்ள ஒரு வரி எழுதி அனுப்பு. குரல் அமைப்பில் கோளாறு, தப்பான கணக்கு சொல்லியிருக்குன்னு. அந்த அமைப்பை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வெச்சுடலாம். கணக்கையும் அதோட திருத்திடலாம். பழைய பதிவெல்லாம் அதோட போயிடும்."

"கணக்கைப் போட்டது நாம. தப்புன்னு சொன்னது அது."

"தெரியும்ப்பா."

"டேனரிக்காரங்க?"

"தண்ணியை போர்ல இறக்கினது அவங்கதானே? கேஸ் நடக்கட்டும்."

"அந்தத் தெரு?"

"வாரியத்துத் தப்புன்னா வைத்தியம், தண்ணி எல்லாம் வாரியம் உடனே கொடுக்கணும். முதலாளிங்க தப்புன்னா அவங்க கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கணும். பத்து வருஷம் ஆகும். உண்மைதான். ஆனா நீ ஒண்ணை யோசி. உண்மையைச் சொன்னா வேலை மட்டும் போகாது. ரெண்டு உயிர் போயிருக்கு. ஜெயில் வரைக்கும் போகும்."

"அவ தப்பு பண்ணல சார்."

"அவ இல்ல தம்பி. அது. அது ஒரு மெஷின்." குரல் இளகியது. "நீ ஏற்கெனவே எல்லாத்தையும் தொலைச்சவன். எழில் பேரைச் சொல்லித்தான் தப்பிக்க முடியும்னா தப்பிச்சுக்கோ. அவ இருந்தா அதைத்தான் சொல்லுவா."

"சொல்ல மாட்டா சார்," என்றான் நன்மாறன். போனை வைத்துவிட்டான்.

விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தான். ஊர்க்காரர் சொன்னால் அது குறை. அலுவலர் திறந்தால்தான் நகரும். அலுவலரே தன்மேல் வாக்குமூலம் கொடுத்தால் அதை யாரும் திறக்க வேண்டியதில்லை. இணைத்த குறிப்புகளோடு அது அந்த நிமிடமே தீர்ப்பாயத்துக்குப் போய்விடும். வாரியம் திரும்ப வாங்க முடியாது. பிறகு அமைப்பையும் யாரும் எடுக்க முடியாது, சாட்சி ஆகிவிடும். ஒரு நிபந்தனை இருந்தது. வாக்குமூலத்தை எழுதித் தர முடியாது. குரலிடம் வாயால் சொல்ல வேண்டும்.

*

மறுநாள் பகல் பதினொன்றுக்கு மாதா கோயில் தெருவில் இறங்கினான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. லூர்துமேரி பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை. உள்ளே கட்டிலில் செல்வராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இன்னா சார், டெஸ்ட்டு ரிசல்ட்டு வந்துச்சா?"

நின்றபடியே சொன்னான். வெயில் கணக்கு, பாத்தி, போர், நாற்பத்து மூன்று குறிப்பு. எதையும் மெழுகவில்லை. அந்தக் குரல் யாருடையது என்பதையும் சொன்னான்.

லூர்துமேரி முறத்தில் இருந்த கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு கை நின்றது.

"எழில் மேடம் உம் பொண்டாட்டியா?"

"ஆமா."

"செத்தவங்க குரல்னு ஊருக்கே தெரியும். புருசன் நீன்னு யாருக்கும் தெரியாது." முறத்தைக் கீழே வைத்தாள். "இவுரு டயாலிசிஸ் முடிஞ்சி வந்தா ரெண்டு மணி நேரம் வாயே தெறக்க மாட்டாரு. அப்ப நான் அந்தம்மாகிட்டதான் பேசுவேன். கொறை சொல்றேன்னுதான் ஆரம்பிப்பேன், அப்பால வேற பேச்சு. சாப்ட்டீங்களான்னு கேக்கும். நீ சாப்ட்டியான்னு நான் கேட்டா, எனக்கு வாயிருக்கு வயிறு இல்லீங்கன்னு சொல்லும். அந்தம்மாவுக்கு நான் யாரு? தெனம் பேசிச்சு. கட்டினவன் நீ. ஒரு நாளு கேக்கலியா?"

"இல்ல."

"பயமா?"

"பயம் இல்ல."

"அப்ப இன்னா?"

கட்டிலில் செல்வராஜ் மெல்லத் திரும்பிப் படுத்தார். கண் திறந்துதான் இருந்தது.

"உனக்குக் கேக்க முடியல," என்றார். "அதுக்கு நாங்க உப்புத் தண்ணி குடிச்சோம்."

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் உராயும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ வரிசைக்காகத் திட்டினார்கள். லூர்துமேரி எழுந்து போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அவள் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"இல்ல. இதைப் பதிவு பண்ணணும். பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியாது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை; விரல் தானாகப் போனது. ஒலிபெருக்கியைப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

"எங்ககிட்ட சொன்னத அதாண்ட சொல்லு. நான் கேக்கணும்."

மணி அடித்தது.

"வணக்கமுங்க லூர்தக்கா. அண்ணனுக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதுங்களா?"

நன்மாறன் போனை வாங்கிக்கொண்டான். "நான் லூர்துமேரி இல்ல."

"சரிங்க. யாருங்க பேசறது?"

"நன்மாறன். மாவட்ட அலுவலர்."

ஒரு சின்ன இடைவெளி. பெயரைத் தேடி எடுக்க அமைப்புக்கு ஆகும் நேரம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் அவள் பேசியது எதுவும் அந்தப் பதிவுகளில் கிடையாது.

"வணக்கமுங்க சார். உங்களுக்கு நாப்பத்து மூணு குறிப்பு அனுப்பியிருக்கறேன். பார்த்தீங்களா?"

"நேத்துதான் பார்த்தேன். வாக்குமூலம் கொடுக்கணும். என்மேல."

"கொடுங்க. எழுதிக்கறேன்."

பெயர், பதவி, பொறுப்பேற்ற நாள். அவள் கேட்கக் கேட்கச் சொன்னான். முதல் குறிப்பு வந்த தேதி. திறந்த தேதி. இடையில் எத்தனை நாள் என்று அவளே கூட்டிச் சொன்னாள்.

"திறக்காததுக்குக் காரணமுங்க?"

"அதை விட்டுடலாமா?"

"விட முடியாதுங்க. காரணம் இல்லீன்னா பதிவு ஏறாது."

லூர்துமேரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராஜும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறிப்பு வர்ற குரல் என் மனைவியோடது," என்றான். "அவ இறந்துட்டா. கேக்க முடியல. அதனால திறக்கல."

"எழுதிக்கிட்டேனுங்க. படிச்சுக் காட்டறேன், சரியான்னு சொல்லுங்க." அவள் படித்தாள். அவனுடைய வாக்கியங்கள், அவளுடைய குரல். "குறிப்பு வரும் குரல் என் மனைவியுடையது. அவர் இறந்துவிட்டார். என்னால் கேட்க முடியவில்லை. அதனால் திறக்கவில்லை. சரிங்களா?"

நன்மாறன் போனை இன்னொரு கைக்கு மாற்றினான்.

"சார்? சரிங்களா?"

"சரி."

"பதிவாயிருச்சுங்க. தீர்ப்பாயத்துக்குப் போயிருச்சு. இனிமேல் யாரும் திருப்ப முடியாது. அடுத்தது, பாதிக்கப்பட்டவங்க பேர் வேணுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"செத்தவங்களையும் சேர்ப்பாங்களா, கேளு," என்றாள் லூர்துமேரி. அவன் கேட்பதற்குள் குரலே சொன்னது.

"அவங்களைத்தானுங்க மொதல்ல எழுதணும்."

லூர்துமேரி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"ஆரோக்கியமேரி," என்றாள். "எங்க அக்கா."

"ஆரோக்கியமேரி," என்றான் நன்மாறன் போனில்.

"வயசுங்க?"

அவன் லூர்துமேரியைப் பார்த்தான்.

"முப்பத்தாறு. தை வந்திருந்தா முப்பத்தேழு."

"முப்பத்தாறு," என்றான்.

"எழுதிக்கிட்டேனுங்க. அடுத்தவங்க?"